வைஃபை ஆன் ஆகலையா ஆச்சி? ரீசெட் போடுறதுக்கு முன்னாடி இதைப் பாத்துருங்க

செல்போன் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல வைஃபை பத்தினதுதான் ஜாஸ்தி, அதுலயும் எட்டாயிரம் பத்தாயிரம் ரூபா போனுங்கதான் ஜாஸ்தி, அதனால மத்ததையெல்லாம் அடுத்த இதழுக்கு வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளமா போயிருச்சு, ஆனா அதைப் பொறுமையா படிச்சீங்கன்னா பின்னாடி வர்ற பாதிக் கேள்விக்கு அதுலயே விடை கிடைச்சுரும்.

கேள்வி: தம்பி, பள்ளத்தூர்லருந்து எழுதுறேன், வயசு 68. ரெண்டு வருஷத்துக்கு முந்தி மகன் ஊருக்கு வந்தப்ப எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிக் குடுத்த போன். அவன் சிங்கப்பூர்ல இருக்கான், சனிக்கிழமை சாயங்காலமானா பேரப்பிள்ளைகளைப் போன்ல காட்டுவான், அதுக்காகவே வீட்டுல நெட் கனெக்‌ஷன் போட்டுக் குடுத்துருக்கான். மூணு வாரமா வைஃபை பட்டனைத் தொட்டா நீலமா மாறுது, ரெண்டு எண்ணி முடிக்கிறதுக்குள்ள திரும்ப அணைஞ்சுருது. காரைக்குடியில ஒரு கடையில காட்டினேன், ரீசெட் போட்டா சரியாயிரும், இல்லைன்னா போர்டு போச்சு ஆச்சி, 2,500 ஆகும்னு அந்தப் பையன் சொல்றான். குடுத்துரலாமா?
(பள்ளத்தூர் வாசகி)

பதில்: இப்பவே குடுத்துறாதீங்க ஆச்சி. அந்தப் பையன் சொன்னது பொய்யின்னு சொல்ல வரலை, ரெண்டுல ஏதோ ஒண்ணாத்தான் இருக்கும், ஆனா எதுன்னு பாக்காமலேயே ரீசெட் போடுறது இருக்கே, அதுதான் எனக்குப் பிடிக்கலை. எதுன்னு நீங்களே வீட்டுல உக்காந்து பாத்துரலாம், பத்து நிமிஷம் ஆகாது.

முதல்ல போனுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிர்றேன். வைஃபைக்குன்னு போன் போர்டுல ஒரு சிப்பு இருக்கு. நீங்க பட்டனைத் தொட்டதும் போன் அந்தச் சிப்புக்கு ஃபர்ம்வேர்னு ஒரு சின்ன சாஃப்ட்வேரை ஏத்தி எழுப்பிவிடும், சிப்பு முழிச்சு நான் இருக்கேன்னு பதில் குடுத்தாத்தான் பட்டன் நீலமாவே நிக்கும். பதில் வரலைன்னா கொஞ்சம் பொறுத்துப் பாத்துட்டு போன் தானாவே பட்டனை அணைச்சுரும். நீங்க ரெண்டு எண்றதுக்குள்ளன்னு எழுதியிருக்கீங்கல்ல, அந்த நேரம்தான் போன் கூப்புட்டுப் பாக்குற நேரம். ஆகவே உங்க வீட்டு நெட் மேல தப்பில்லை, பாஸ்வேர்டும் மாறலை, நெட்காரங்களுக்குப் போன் போட்டுச் சத்தம் போட வேண்டியதில்லை.

இப்ப செய்ய வேண்டியது. ஏரோப்ளேன் மோட் ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க, பேட்டரி சேவர் போட்டிருந்தா எடுத்துருங்க. அப்புறம் போனை முழுசா ஆஃப் பண்ணி, சார்ஜர்லருந்தும் எடுத்து, ஒரு நிமிஷம் சும்மா வச்சுட்டு ஆன் பண்ணுங்க. ஸ்க்ரீனை அணைச்சு அணைச்சுப் போடுறதை ஆஃப் பண்றதுன்னு நிறையப் பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அது இல்லை, பவர் பட்டனை அமுக்கிப் புடிச்சு பவர் ஆஃப் குடுக்கணும். மாசக்கணக்கா ஆஃப் பண்ணாம ஓடுற போன்ல அந்தச் சிப்பு பாதியில சிக்கிக்கிட்டு நிக்கிறது உண்டு, முழுசா கரண்ட் அத்துப் போய்த் திரும்ப வந்தாத்தான் மறுபடியும் முதல்லருந்து எழும்பும்.

அதுலயும் வரலைன்னா ப்ளூடூத்தை ஆன் பண்ணிப் பாருங்க ஆச்சி. உங்களுக்கு ப்ளூடூத் எதுக்கும் தேவைப்படாது, பரவாயில்லை, இது சோதனைக்குத்தான். பட்ஜெட் போன்ல வைஃபையும் ப்ளூடூத்தும் அநேகமா ஒரே சிப்புலதான் இருக்கும். மீடியாடெக் கம்பெனியோட எம்டி6625எல்னு ஒரு சிப்பு, சில வருஷத்துக்கு முந்தின விலை கொறைஞ்ச போன்ல நிறைய வந்துச்சு, வைஃபை, ப்ளூடூத், எஃப்எம் ரேடியோ, ஜிபிஎஸ் நாலுமே அந்த ஒத்தைச் சிப்புதான், விரல் நகத்துல பாதிகூட இருக்காது. ப்ளூடூத் நல்லா ஆன் ஆகி நின்னுச்சுன்னா சிப்பு உசுரோட இருக்குன்னு அர்த்தம், சாஃப்ட்வேர் கோளாறா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. ப்ளூடூத்தும் வைஃபை மாதிரியே அணைஞ்சு போச்சுன்னா கொஞ்சம் கவலைப்படணும். ஹாட்ஸ்பாட்டையும், அதாவது உங்க போன் நெட்டை மத்த போனுக்குக் குடுக்குறதையும், ஒரு தடவை போட்டுப் பாத்துருங்க, அதுவும் அதே வைஃபை சிப்புதான்.

அடுத்தது ஒரு நம்பர். வைஃபை பட்டனைத் தொட்டுட்டு, செட்டிங்ஸ் உள்ள போயி கடைசியில இருக்குற அபவுட் போன், அதுக்குள்ள ஸ்டேட்டஸ், அங்க வைஃபை மேக் அட்ரஸ்னு ஒரு வரி இருக்கும், அது வைஃபை சிப்போட அடையாள நம்பர். சில போன்ல ஸ்டேட்டஸ் இல்லாம அபவுட் போன்லயே கீழ இருக்கும். ரெண்டு ரெண்டு எழுத்தா, நடுவுல முக்காற்புள்ளி வச்சு மொத்தம் 12 எழுத்து, எண்ணும் எழுத்தும் கலந்து இருக்கும். அங்க தாறுமாறா ஒரு நம்பர் இருந்தா போனுக்குச் சிப்பு கண்ணுல தெரியுதுன்னு எடுத்துக்கலாம். 02:00:00:00:00:00ன்னு வெறும் பூஜ்யமா நின்னாலோ கிடைக்கலைன்னு போட்டிருந்தாலோ போனால சிப்பைத் தொடவே முடியலை. ஒரு எச்சரிக்கை, பக்கத்து வீட்டுத் தம்பி ஏதாவது ஆப் போட்டு இதைப் பாத்துச் சொன்னா நம்பாதீங்க, ஆண்ட்ராய்ட் 6லருந்து ஆப்புகளுக்கு நெஜ நம்பரைக் காட்டாம எல்லாத்துக்கும் இதே 02ல ஆரம்பிக்கிற பூஜ்யத்தைத்தான் குடுக்குறாங்க, நல்லா இருக்குற போன்லயும் அப்படித்தான் வரும், அதனால செட்டிங்ஸ்ல மட்டும் பாருங்க.

பூஜ்யம் வந்துட்டா உடனே போர்டு போச்சுன்னும் முடிவு கட்டிற வேண்டாம், ஃபர்ம்வேர் ஏறலைன்னாலும் அதே பூஜ்யம்தான் வரும். அப்ப எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுன்னா, நாளை நினைவுபடுத்திப் பாருங்க. மூணு வாரத்துக்கு முந்தி போன் தானா அப்டேட் ஆச்சா, அதுக்கு மறுநாள்லருந்துதான் இப்படியா? அப்ப சாஃப்ட்வேர். இல்ல, போன் கீழ விழுந்துச்சு, தண்ணி பட்டுச்சு, சார்ஜ் போடுறப்ப கை வைக்க முடியாத அளவு சுட்டுச்சு, அதுக்கப்புறம்தான்னா போர்டுல கோளாறு. மூணு வாரத்துக்கு முந்தி என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத்தான் ஆச்சி தெரியும், கடைக்காரப் பையனுக்குத் தெரியாது.

சாஃப்ட்வேர்தான்னு தோணுச்சுன்னா செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுல ரீசெட் ஆப்ஷன்ஸ், அதுல வைஃபை, மொபைல், ப்ளூடூத் மூணையும் மட்டும் ரீசெட் பண்றதுன்னு ஒண்ணு இருக்கும், சில போன்ல நெட்வொர்க் ரீசெட்னு இருக்கும். அதைக் குடுங்க. போட்டோ, வாட்ஸ்அப், நம்பருங்க எதுவும் போகாது, சேத்து வச்ச ப்ளூடூத் இணைப்பு, வைஃபை பாஸ்வேர்டு மாதிரி நெட்வொர்க் செட்டிங்ஸ் மட்டும்தான் போகும், பாஸ்வேர்டு ரவுட்டருக்கு அடியில ஸ்டிக்கர்ல எழுதியிருக்கும், மகன் மாத்தி வச்சிருந்தா கேட்டு முதல்லயே காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க. அப்படியும் வரலைன்னா சேஃப் மோட்ல போட்டுப் பாக்கணும். பவர் பட்டனை அமுக்கினா வர்ற பவர் ஆஃப்ங்கிற எழுத்தை விடாம அமுக்கிப் புடிச்சிருந்தா பெரும்பாலான போன்ல சேஃப் மோட் கேக்கும், அதுல நம்ம போட்ட ஆப்பெல்லாம் தூங்கும், போனோட வந்தது மட்டும் ஓடும். அங்க வைஃபை நின்னுச்சுன்னா ஏதோ ஒரு ஆப்புதான் வேலையக் காட்டுது, பேட்டரியைக் காப்பாத்துறேன், நெட்டை வேகமாக்குறேன்னு சொல்லி வர்ற ஆப்புகளை முதல்ல தூக்கிருங்க. கடைசியா சிஸ்டம் அப்டேட் வந்திருக்கான்னு பாத்து, மொபைல் டேட்டாவுலயே இறக்கிப் போடுங்க, முந்தின அப்டேட்ல வந்த கோளாறை அடுத்ததுல சரிபண்ணியிருப்பாங்க.

இவ்வளவுக்கப்புறமும் வரலைன்னாதான் முழு ரீசெட், அதாவது போன்ல இருக்குற எல்லாத்தையும் அழிச்சுப் புதுசு மாதிரி ஆக்குறது. இங்கதான் நான் உங்ககிட்ட கையைப் புடிச்சுச் சொல்றேன் ஆச்சி. வாட்ஸ்அப் பேக்கப், அதாவது கூகுள்ல ஏத்தி வைக்கிற நகல், சும்மா விட்டா வைஃபையில மட்டும்தான் ஏறும். கூகுள் போட்டோஸும் அநேகமா எல்லார் போன்லயும் அப்படித்தான் வச்சிருப்பாங்க. உங்க போன்ல மூணு வாரமா வைஃபை இல்லை. அப்படின்னா மூணு வாரமா எதுவுமே மேல ஏறலை, போன் அதைப் பத்தி வாய் திறந்து சொல்லவும் சொல்லாது. பேக்கப்தான் இருக்கேன்னு நம்பி ரீசெட் போட்டா அந்த மூணு வாரம் துடைச்சுப் போயிரும். வைஃபை கோளாறான போன்ல மட்டும் இந்த ஆபத்து கூடுதலா இருக்கு, கடையில இதை யாரும் கேக்கறதில்லை.

எனக்கு நடந்துருக்கு. எங்க அம்மா போன்ல இதே மாதிரி ரெண்டு மாசம் வைஃபை வராம கிடந்துச்சு, நானும் வேலை வேலைன்னு பாக்காம விட்டுட்டேன், ஒரு நாள் அம்மாவே பக்கத்துல ஒரு கடையில குடுத்துட்டாங்க, அவங்க ஒரு வார்த்தை கேக்காம ரீசெட் போட்டுட்டாங்க. எங்க ஆயா, அம்மாவைப் பெத்தவங்க, இறந்து போறதுக்குப் பத்து நாள் முன்னாடி அம்மாவுக்கு ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தாங்க, கவுனி அரிசி ராத்திரியே ஊறப் போடணும், ஊறின தண்ணியைக் கீழ கொட்டிறாத, அந்தத் தண்ணியிலயே வேக வைன்னு, நடு நடுவுல இருமிக்கிட்டே, ஒரு நிமிஷம்கூட இருக்காது. அது போச்சு. பேக்கப்பைத் திறந்து பாத்தா தேதி ரெண்டு மாசத்துக்கு முந்தினது. வைஃபை மட்டும் ரீசெட்ல சரியா வந்துச்சு. அம்மா இப்பவும் கவுனி அரிசி செய்யறப்ப அந்த வாய்ஸைப் பத்திச் சொல்லாம இருக்கறதில்லை.

அதனால வாட்ஸ்அப்ல செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் போங்க. கடைசியா எந்தத் தேதியில பேக்கப் ஆச்சுன்னு மேலேயே எழுதியிருக்கும், முதல்ல அந்தத் தேதியைப் படிங்க. கீழ மொபைல் டேட்டாவுலயும் பேக்கப் பண்ணுங்கிறதை ஆன் பண்ணிட்டு, பேக்கப் பட்டனை அமுக்குங்க, தேதி இன்னைக்குன்னு மாறுற வரைக்கும் போனை வைக்காதீங்க. கூகுள்ல இலவசமா குடுக்குற 15 ஜிபி இடம் நெறைஞ்சு போயிருந்தாலும் பேக்கப் ஏறாது, அதையும் பாத்துக்கோங்க. டேட்டா பத்தலைன்னா ஒரு கேபிளைப் போட்டு யார் வீட்டு கம்ப்யூட்டர்லயாவது, ஃபைல் டிரான்ஸ்ஃபர்னு குடுத்துட்டு, கேமரா போட்டோ இருக்குற டிசிஐஎம்ங்கிற ஃபோல்டரையும், ஆண்ட்ராய்ட் ஃபோல்டருக்குள்ள மீடியாவுல இருக்குற வாட்ஸ்அப் ஃபோல்டரையும் அப்படியே இழுத்துப் போடச் சொல்லுங்க, வாய்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். கேபிளுக்கு வைஃபை தேவையில்லை.

இன்னொண்ணு, போன்ல போட்டிருக்குற ஜிமெயில் ஐடியும் பாஸ்வேர்டும் உங்களுக்குத் தெரியணும். 2015ல வந்த ஆண்ட்ராய்ட் 5.1லருந்து, கடையில பட்டனை அமுக்கி ரீசெட் போட்டா, போன் திரும்ப எழும்பினதும் பழைய ஜிமெயிலைக் கேக்கும், திருட்டுப் போனை யாரும் பயன்படுத்தக் கூடாதுன்னு வச்ச பூட்டு அது. மகன் போட்டுக் குடுத்த ஜிமெயிலா இருந்தா சிங்கப்பூர்க்குப் போன் போட்டுக் கேட்டு எழுதி வச்சுட்டுத்தான் ரீசெட்டைத் தொடணும். செட்டிங்ஸ் உள்ள போயி நீங்களே ரீசெட் குடுத்தா, போன் லாக்கை மட்டும் கேட்டுட்டு விட்டுரும், அதுதான் நல்லது.

ரீசெட்டும் போட்டு வரலைன்னா போர்டுதான். வைஃபை சிப்பு போர்டுல சின்னச் சின்ன ஈய உருண்டைமேல உக்காந்துருக்கும், போன் விழுந்தாலோ சூடு ஏறி எறங்கினாலோ அதுல ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிரும். சிப்பை ஹீட் வச்சுத் தூக்கி, புது ஈய உருண்டை போட்டு, அதைத்தான் ரீபால்னு சொல்வாங்க, திரும்ப உக்கார வைக்கணும், இல்லைன்னா வேற ஐசி, அதாவது வேற சிப்பு போடணும். கை சுத்தமான ஆளுகிட்ட போனா ஓடும். ஆனா சும்மா மேல ஹீட் மட்டும் காட்டிட்டுக் குடுக்குற வேலையும் நடக்குது, அது ரெண்டு மாசம் தாங்கினா பெருசு, பக்கத்துல இருக்குற ஐசியும் சேந்து போற அபாயம் வேற, அதனால ரீபாலா வெறும் ஹீட்டான்னு கேட்டுட்டுக் குடுங்க, எத்தனை நாள் கேரண்டின்னு பில்லுல எழுதி வாங்குங்க. எட்டாயிரத்துக்கு வாங்கின, ரெண்டு வருஷம் ஓடின போனுக்கு 2,500 போடுறது என்னைக் கேட்டா வேண்டாம். அதுக்குப் பதிலா லேன் கேபிள் சொருகுற ஓடிஜி அடாப்டர்னு ஒண்ணு கம்ப்யூட்டர் கடையில சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், நிறைய ஆண்ட்ராய்ட் போன் அதை ஏத்துக்கும், கடையிலயே உங்க போன்ல சொருகிப் பாத்துட்டு வாங்குங்க. ரவுட்டர்லருந்து ஒரு கேபிளை இழுத்து, ஊஞ்சல் பக்கத்துல வச்சு, சனிக்கிழமை சாயங்காலம் போன்ல சொருகிக்கிட்டா பேரப்பிள்ளைக மொகம் வைஃபையைவிடத் தெளிவாவே தெரியும்.

கேள்வி: அண்ணா, காரைக்குடியில ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறேன். போன் ஹேங் ஆகுதுன்னு கடையில சாஃப்ட்வேர் அடிக்கக் குடுத்தேன். வந்ததுலருந்து வைஃபை லிஸ்ட்ல என்விரேம் வார்னிங், எர்ர்னு ஒரு பேரு முதல் ஆளா நிக்குது. அது யாரோட வைஃபை? ஹேக் பண்ணிட்டாங்களா?
(காரைக்குடி மாணவர்)

பதில்: ஹேக்கெல்லாம் இல்லை தம்பி, அது யாரோட வைஃபையும் இல்லை, உன் போன் உன்கிட்ட சொல்ற தகவல். மீடியாடெக் சிப்பு போட்ட போன்ல என்விரேம்னு ஒரு தனி இடம் இருக்கு, அதுலதான் வைஃபையோட மேக் அட்ரஸ், ஐஎம்இஐங்கிற போனோட அடையாள நம்பர், அந்தப் போனோட ரேடியோவுக்குன்னு ஃபேக்டரியில அளந்து எழுதின கணக்கு எல்லாம் இருக்கும். சாஃப்ட்வேர் அடிக்கிறப்ப முழுசா ஃபார்மட் குடுத்துட்டா இதுவும் சேந்து அழிஞ்சுரும். அதைச் சொல்லிக்காட்ட வேற இடம் இல்லாம வைஃபை லிஸ்ட்லயே எழுதி வச்சுருச்சு.

வைஃபை ஓடினா ஓடட்டும், அவசரம் அது இல்லை. *#06# அமுக்கி ஐஎம்இஐ வருதான்னு பாரு, 15 இலக்கம், ரெண்டு சிம் போன்னா ரெண்டு நம்பர், போன் பொட்டிமேல இருக்குறதோட ஒத்துப் போகணும். ஒத்துப் போனா நிம்மதியா இரு, அடிச்ச கடைக்கே போயி பழைய என்விரேம் பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்களான்னு கேளு, ஒழுங்கான டெக்னீஷியன் எடுத்துட்டுத்தான் அடிப்பாரு. நம்பர் வரலைன்னாலோ மாறியிருந்தாலோ கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு பில்லோட போ. ஏதோ ஒரு நம்பரை எழுதித் தர்றேன்னு யாராவது சொன்னா மட்டும் சம்மதிக்காத, ஐஎம்இஐயை மாத்துறது சட்டப்படி குத்தம், 2023ல வந்த தொலைத்தொடர்புச் சட்டத்துல இதுக்கு ஜெயில் தண்டனையே வச்சிருக்காங்க. அடுத்தவன் நம்பர் உன் போன்ல உக்காந்துருச்சுன்னா அவன் பண்ற வம்புக்கு நீ பதில் சொல்லிக்கிட்டு நிக்கணும்.

கேள்வி: எங்களுது கானாடுகாத்தான்ல பழைய வீடு. முகப்புல ரவுட்டர் இருக்கு, நடு முற்றமான வளவுக்கு வந்தா ஒரு புள்ளி காட்டுது, அதுக்குப் பின்னாடி இருக்குற ரெண்டாங்கட்டுக்குப் போனா என் போன்ல வைஃபையே வேலை செய்யலை. மருமக போன்ல மட்டும் கொஞ்சம் வருது. என் போன்ல வைஃபை போயிருச்சா?
(கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: உங்க போன் நல்லா இருக்கு ஐயா, பட்டன் ஆன் ஆகி நிக்குதுல்ல, முகப்புல வேலையும் செய்யுதுல்ல, அப்ப போன்ல ஒரு குறையும் இல்லை. மருமக போன்ல ஆன்டெனா கொஞ்சம் நல்லதா இருக்கும், விலை கொறைஞ்ச போன்ல முதல்ல கை வைக்கிறது அதுலதான். விஷயம் வீடு. ஒரு தெருவுல வாசலும் அடுத்த தெருவுல கொல்லையுமா நீளுற வீடு, செங்கலும் சுண்ணாம்புமா கட்டின தடிச்ச சுவர், ஒவ்வொரு கட்டுக்கும் நடுவுல அப்படி ஒரு சுவர், வைஃபை அலை ரெண்டு சுவரைத் தாண்டுறதுக்குள்ள சோந்து போயிரும். தேக்குக் கதவு அவ்வளவா தடுக்காது. ஆனா இரும்புக் கிராதி, தகரம், அப்புறம் நம்ம வீடுகள்ல மாட்டியிருக்குற ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி, பின்னாடி ரசம் பூசினது உலோகம்தானே, அதெல்லாம் அலையைத் திருப்பி விட்டுரும். ரவுட்டர் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்துல இருந்தா முதல்ல இடத்தை மாத்துங்க.

வளவுதான் உங்களுக்கு வரம். நடுவுல வானம் தெரியுற வெறும் இடம், சுவரே கிடையாது, அங்க அலை தாராளமா போகும். வளவைப் பாத்த மாதிரி ஒரு தூண் ஓரமா, ஆள் உயரத்துக்கு மேல, மழைச்சாரல் அடிக்காத இடத்துல ரவுட்டர் வந்துட்டா சுத்தி இருக்குற அறை எல்லாத்துக்கும் ஓரளவு வரும். ரெண்டாங்கட்டுக்கு மட்டும் வளவுலருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்க இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டா, அதாவது கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா விடுற மாதிரி, வச்சுருங்க. சிக்னலை வாங்கித் திரும்ப விடுற எக்ஸ்டெண்டரு, மங்கலா வர்றதைத்தான் வாங்கி மங்கலாவே விடும், இந்தச் சுவருக்கு அது சரிப்படாது.

கேபிள் இழுக்க வர்ற பையன் டிரில்லை எடுத்துக்கிட்டு நேரா சுவர்ல வைப்பான், விடாதீங்க. அது சிமெண்டுப் பூச்சு இல்லை, சுண்ணாம்பு அரைச்சு, முட்டை வெள்ளைக்கரு சேத்து, கண்ணாடி மாதிரி தேச்சு எடுத்த பூச்சு, ஒரு தடவை பொரிஞ்சுருச்சுன்னா அதே மாதிரி பூச ஆளு தேடி அலையணும். ஏற்கெனவே கரண்ட் ஒயர் போற வழியிலயோ, உத்தரத்து ஓரமாவோ, நிலைக்கு மேல இருக்குற இடைவெளியிலயோ கேபிளைக் கொண்டு போகலாம். யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல 2014லருந்து செட்டிநாட்டு ஊருங்க இருக்கு, அந்த வீட்டுச் சுவர்ல ஒரு நெட் ஒயருக்காக ஓட்டை போடுறதை என்னால ஏத்துக்க முடியாது.

கேள்வி: அண்ணே, மழையில நனைஞ்ச போனை ரெண்டு நாள் அரிசியில போட்டு வச்சேன். எல்லாம் வேலை செய்யுது, வைஃபை மட்டும் ஆன் ஆகலை. இன்னும் ரெண்டு நாள் அரிசியிலேயே வைக்கலாமா?
(புதுவயல் வாசகர்)

பதில்: வேண்டாங்க, உடனே வெளிய எடுங்க. அரிசி போனுக்குள்ள இருக்குற தண்ணியை உறிஞ்சாது, தவிட்டுத் தூசியும் மாவும் சார்ஜ் போடுற ஓட்டையில போயி அடைச்சுக்கும். போனை அரிசியில போட்டு வச்ச அந்த ரெண்டு நாள்ல தண்ணி உள்ள அரிச்சுக்கிட்டு இருந்துருக்கும், மழைத்தண்ணி காஞ்சு போனாலும் போர்டுல பச்சையும் வெள்ளையுமா பூத்துப் போயிரும், இன்னைக்கு வைஃபை, நாளைக்கு மைக், அப்புறம் சார்ஜ்னு ஒவ்வொண்ணா போகும். சார்ஜ் போடாம, ஆஃப் பண்ணி, போர்டு கழட்டி க்ளீன் பண்ற கடைக்கு இன்னைக்கே கொண்டு போங்க, ஆல்கஹால் வச்சுக் கழுவி பிரஷ் போட்டு எடுப்பாங்க, கழுவினதுலயே வைஃபை திரும்ப வந்த போன் நிறையப் பாத்துருக்கேன். வாரண்டி இருக்குன்னு சர்வீஸ் சென்டருக்குப் போனீங்கன்னா உள்ள ஒரு வெள்ளை ஸ்டிக்கர் தண்ணி பட்டுச் சிவந்திருக்கும், அதைக் காட்டி வாரண்டி இல்லைன்னுருவாங்க, மறைக்காம நனைஞ்சுருச்சுன்னே சொல்லிருங்க, அவங்களுக்கும் எங்க பாக்கணும்னு தெரியும்.

கேள்வி: புது ரவுட்டர் போட்டாங்க, 5ஜின்னு முடியுற பேர்ல ஒரு வைஃபை என் தம்பி போன்ல தெரியுது, என் போன்ல தெரியலை. போன் ரிப்பேரா?
(தேவகோட்டை வாசகி)

பதில்: ரிப்பேர் இல்லைம்மா. அது சிம் கார்டு 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. விலை கொறைஞ்ச பல போன்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் இருக்கும், அதுக்கு இந்தப் பேரு கண்ணுலயே படாது. 5ஜின்னு இல்லாத இன்னொரு பேரு லிஸ்ட்ல இருக்கும், அதுல சேருங்க. ரெண்டுமே தெரியலைன்னா ரவுட்டர் போட்டவர்கிட்ட 2.4ஐயும் ஆன் பண்ணி விடச் சொல்லுங்க. பேரு தெரிஞ்சும் சேர மாட்டேங்குதுன்னா பாதுகாப்பு டபிள்யூபிஏ3ன்னு மட்டும் வச்சிருப்பாங்க, பழைய போனுக்கு அது புரியாது, டபிள்யூபிஏ2வும் சேந்து இருக்குறதா மாத்தச் சொல்லுங்க.

கேள்வி: ஆத்தங்குடியில டைல்ஸ் பட்டறையில வேலை பாக்குறேன். காலையில வீட்டுல வைஃபை நல்லா வருது. மத்தியானம் பட்டறையில ஆன் பண்ணா பட்டன் சாம்பல் கலர்ல செத்துக் கிடக்குது, ராத்திரி திரும்ப வருது. ஒரு மாசமா இப்படி. பட்டறை வைஃபையிலதான் கோளாறா?
(ஆத்தங்குடி வாசகர்)

பதில்: பட்டறை வைஃபை மேல தப்பு இருந்தா பட்டன் ஆன் ஆகி, லிஸ்ட்ல பேரு மட்டும் வராம இருக்கும். பட்டனே சாம்பலா கிடக்குதுன்னா உங்க போன்தான். போனை எங்க வச்சுட்டு வேலை பாக்குறீங்கன்னு எழுதலை, ஆனா சட்டைப் பையிலயோ, டைல்ஸ் காயப் போடுற வெயில்ல ஏதாவது திட்டு மேலயோதான் இருக்கும்னு நினைக்கிறேன். மேல பள்ளத்தூர் ஆச்சிக்கு எழுதினேன்ல, சிப்புக்கு அடியில ஈய உருண்டைன்னு, அதுல ஒண்ணு முடி அளவுக்கு விரிசல் விட்டிருக்கும். சூடு ஏறுனா போர்டு ஒரு அளவு விரியுது, சிப்பு ஒரு அளவு விரியுது, விரிசல் வாய் திறந்து தொடர்பு அறுந்துருது, ராத்திரி குளிர்ந்ததும் திரும்ப ஒட்டிக்குது. சூடானா போகுது, ஆறினா வருதுன்னா சாஃப்ட்வேர் கிடையாது, ரீசெட் போட்டு நேரத்தை வீணாக்காதீங்க. ஐஸ்ல வைக்கிறேன், ஃப்ரிட்ஜ்ல வைக்கிறேன்னும் போகாதீங்க, உள்ள வேர்த்துத் தண்ணி கோத்துக்கும்.

பட்டறையில போனை நிழல்ல, கவரைக் கழட்டி வைங்க, சார்ஜ் போட்டுக்கிட்டே பேசாதீங்க, அதுல கொஞ்ச நாள் கூட ஓடும். ஆனா அந்த விரிசல் நாளுக்கு நாள் பெருசாகத்தான் செய்யும், ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா காலையிலயும் வராது. உங்களுக்கு இன்னும் ராத்திரி நேரம் கையில இருக்கு. இன்னைக்கு ராத்திரி போன் ஆறி வைஃபை வந்ததும் வேற எதையும் பாக்காம சாட் பேக்கப்பைக் குடுங்க, போட்டோவை ஏத்துங்க, ஏறி முடியுற வரைக்கும் ஃபேனுக்குக் கீழ வச்சுருங்க.